குளம் வெட்டியது யார்? திருப்புன்கூர்க் கோயிலை வெளியே நின்று வாசிப்போம்

சீர்காழிக்காரர்களுக்கு ஒரு குளத்தின் கதை மனப்பாடம். சட்டைநாதர் கோயில் பிரம்ம தீர்த்தக் கரையில் பசித்து அழுத குழந்தைக்கு அம்மன் பால் கொடுத்தாள், அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர் என்பது கதை. சித்திரை தோறும் திருமுலைப்பால் விழா நடக்கிறது. ஊரே குளக்கரையில் கூடுகிறது.

அங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில் இன்னொரு குளம் இருக்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர் போனால் திருப்புன்கூர். சிவலோகநாதர் கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தை வெட்டியவர் நந்தனார் என்கிறது பெரியபுராணம். கோயிலில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அங்கே ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவர் பெயரே குளம் வெட்டிய விநாயகர்.

எங்கள் பகுதி மாணவர்கள் சிலரை ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருந்தேன். நந்தனார் வாசலில் நின்று சாமியைப் பார்க்க முடியாமல் தவித்ததையும், சிவன் சொல்லி நந்தி விலகியதையும் சொல்லி முடித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "நந்தி நகந்துருச்சுல்லக்கா, அப்புறம் அவரு உள்ள போயிட்டாரா?"

இல்லை, போகவில்லை. இந்தக் கட்டுரை அவளுடைய கேள்விக்கு அன்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாத பதில்.

ஏடுகளில் நந்தன்

நந்தனாரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் வருகிறது. எட்டாம் நூற்றாண்டு நூல். அதில் "திருநாளைப்போவார்" என்ற பெயர் மட்டும்தான் உண்டு. ஊர் இல்லை, சாதி இல்லை, கதை இல்லை. அடுத்து, நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அதில்தான் ஆதனூர் என்ற ஊரும் புலையர் என்ற சாதியும் நுழைகின்றன. பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார். சோழப் பேரரசில் உயர்ந்த பொறுப்பில் இருந்த அவர் முழு வரலாறாக விரித்து எழுதுகிறார்.

சேக்கிழாரை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். பக்திக்காக இல்லை, அவர் தரும் தகவல்களுக்காக. கொள்ளிடம் பாயும் மேற்காநாட்டு ஆதனூரின் புலைப்பாடியை அவர் கண்ணால் பார்த்தவர் போல எழுதுகிறார். கூரை மேல் படர்ந்த சுரைக்கொடி, குஞ்சுகளோடு மேயும் கோழி, நாய்க்குட்டி, தோல் விரிப்பில் தூங்கும் குழந்தை, மாமரக் கிளையில் தொங்கும் பறை, நெல் குத்திக்கொண்டே பாடும் பெண்கள். ஒரு சேரியை இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கும் இடைக்காலத் தமிழ் இலக்கியம் அதிகம் இல்லை.

அங்கே நந்தன் எப்படிப் பிழைத்தார்? ஊருக்கான பறைத்தொழிலுக்காக விடப்பட்ட நிலம் இருந்தது. பறைத்துடவை என்பது அதற்கு சேக்கிழார் தரும் பெயர். அந்த நிலத்தின் விளைச்சலே அவருக்குச் சாப்பாடு. சேக்கிழாரின் நந்தனுக்கு ஒரு தொழில் இருக்கிறது, அதற்கான மானியம் இருக்கிறது, ஊரில் ஓர் உரிமை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது காணாமல் போகும்.

அவர் செய்த தொண்டையும் பாருங்கள். சிவன் கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். மூன்றும் மாட்டின் உடம்பிலிருந்து கிடைப்பவை. தோல் கோயிலுக்குள் முழங்கலாம். நரம்பு சன்னதியில் இசைக்கலாம். கோரோசனை சாமியின் மேலேயே படலாம். அவற்றை உரித்து, பதப்படுத்தி, தோளில் சுமந்து வந்தவர் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. பொருளுக்கு இல்லாத தீட்டு ஆளுக்கு வந்தது எப்படி என்று கேட்டாலே, தீட்டு என்பது சுத்தம் பற்றிய விஷயம் இல்லை என்று புரிந்துவிடும். யார் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கான ஏற்பாடு அது.

வாசலில் நடந்தது

திருப்புன்கூருக்கு நந்தன் வருகிறார். வாசலில் நின்று நேராகச் சாமியைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. நடுவில் நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்லிக் காட்சி தருகிறார். இன்றும் அந்தக் கோயிலில் நந்தி சன்னதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதைக் காட்டிப் பெருமையாகக் கதை சொல்வார்கள்.

ஆனால் கதையின்படியே நந்தன் நின்ற இடம் மாறவில்லை. அவர் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார், வெளியே நின்றபடியே திரும்பினார். அவரை உள்ளே வரச் சொல்வதைவிடக் கல்லை நகர்த்துவது கடவுளுக்கே எளிதாக இருந்திருக்கிறது. ஊரின் சட்டத்தைத் தொடாமல் ஒரு பக்தனைத் திருப்திப்படுத்தும் ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு நம் ஊரோடு நிற்கவில்லை. உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் கனகதாசருக்கு உள்ளே அனுமதி இல்லை. கிருஷ்ணன் மேற்குப் பக்கம் திரும்பிச் சுவர்த் துளை வழியாகக் காட்சி தந்தார் என்பது கதை. அந்த இடத்தை இன்றும் கனகன கிண்டி என்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சோகாமேளா மகர் சாதியில் பிறந்தவர், பதினான்காம் நூற்றாண்டுக் கவி. மங்கள்வேதாவில் சுவர் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து இறந்தார் என்பது அவரைப் பற்றிய வரலாறு. அவருடைய சமாதி பண்டரிபுரம் விட்டலர் கோயிலுக்கு வெளியே படியருகே இருக்கிறது. கடவுள் திரும்புகிறார், நந்தி நகர்கிறது, துளை திறக்கிறது. மனிதர் மட்டும் படிக்கு வெளியே.

சாமியை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது முழுதாக விடவில்லை. சீர்காழிக்குத் தெற்கே தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. கதவு எல்லோருக்கும் திறந்தது. உள்ளே உட்காரும் இடம் சாதிவாரியாகப் பிரிந்தது. தென்னிந்தியத் திருச்சபைகளில் இந்த வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டார். தஞ்சாவூரில் அதற்கு வந்த எதிர்ப்பு சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது.

குளம்

இப்போது குளத்துக்கு வருவோம். வாசலில் கும்பிட்டுவிட்டு, தோளில் தோல்வார் அசையத் திரும்பும் நந்தன், பக்கத்தில் ஒரு பள்ளத்தைப் பார்க்கிறார். அதை வெட்டிக் குளமாக்குகிறார். இறைவன் அருளால் பெரிய குளமாக ஆக்கி முடித்தார் என்கிறார் சேக்கிழார். அருள் சிவனுடையது, ஆனால் மண்வெட்டி பிடித்த கை நந்தனுடையது. இதில் சேக்கிழாருக்குக் குழப்பமே இல்லை.

தலபுராணத்தில் கதை மாறுகிறது. தனி ஆளாக நந்தனால் எப்படி முடியும்? எனவே சிவன் பிள்ளையாரை அனுப்பினார், பூதகணங்களோடு வந்து பிள்ளையார் குளத்தை வெட்டிக் கொடுத்தார். அதனால்தான் குளம் வெட்டிய விநாயகர். உழைத்தவருக்குக் கடவுளே உதவிக்கு வந்தார் என்று கேட்க இதமாக இருக்கிறது. விளைவு என்ன? இன்று அந்த வேலை பிள்ளையாரின் பெயரில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நூறு அடிக்கு நூறு அடி, ஆறடி ஆழம் என்று ஒரு சிறு குளத்தை வைத்துக்கொள்ளுங்கள். 60,000 கன அடி மண். மண் வேலை செய்கிறவர்கள் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். ஒருவர் ஒரு நாளில் ஒரு யூனிட் வெட்டிக் கரையேற்றுவதே கடினம். முடிந்ததாகவே வைத்தாலும் 600 நாள். தனி ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். வெட்டுகிறவர் ஒருவர், கூடையில் சுமக்கிறவர் ஒருவர் என்றால் எண்ணிக்கை இன்னும் கூடும். சுமந்தவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருந்திருப்பார்கள் என்பதைக் குளம் தூர்வாரும் எந்த வேலையைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். இத்தனை நாள் உழைப்பை விழுங்க ஓர் அற்புதம் போதும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் வருகின்றன. கூலியில்லாமல் ஊருக்கும் அரசுக்கும் செய்துதர வேண்டிய கட்டாய உழைப்பு அது. காவிரிப் பாசனத்தில் வாய்க்கால் வெட்டுவது, கரை கட்டுவது, தூர் வாருவது எல்லாம் ஆண்டுதோறும் ஆள் கேட்கும் வேலைகள். இன்று நம் பேச்சில் "வெட்டி வேலை" என்றால் பயனில்லாத வேலை என்று பொருள். கூலி கொடுக்காத வேலை என்ற பொருள் தேய்ந்து, மதிப்பே இல்லாத வேலை என்று ஆகிவிட்டது.

நிலம் யாரிடம் இருந்தது

திருப்புன்கூர் பற்றிய சுந்தரரின் பதிகத்தில் ஒரு நிலக் கணக்கு வருகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மழையில்லாமல் பயிர் வாடியபோது, மழை பெய்தால் பன்னிரண்டு வேலி நிலம் தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். மழை பெய்து வெள்ளமாகிவிட்டது. அதை நிறுத்த மேலும் பன்னிரண்டு வேலி. பக்கத்துப் பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமரோடு இந்தச் செய்தியைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். இன்றைய அளவில் 24 வேலி என்றால் ஏறக்குறைய 160 ஏக்கர். ஒரு கிராமக் கோயிலுக்கு எட்டாம் நூற்றாண்டிலேயே நிலம் குவியத் தொடங்கியதை அந்தப் பதிகம் சொல்கிறது. அந்த நிலத்தில் யார் நட்டார்கள், யார் அறுத்தார்கள் என்று அதில் இல்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இருக்கிறது. 1010ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலுக்கு ராஜராஜன் பல ஊர்களின் வருவாயை ஒதுக்கினான். ஒவ்வோர் ஊரிலும் எந்த இடத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே இருக்கிறது. பறையருக்குத் தனிச் சுடுகாடும் குறிக்கப்படுகிறது. தீண்டாமை பிற்காலத்தில் வந்த கெட்ட பழக்கம், பொற்காலச் சோழர் ஆட்சியில் அது கிடையாது என்று யாராவது மேடையில் பேசினால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது வருவாய்த்துறை ஆவணத்தில் ஏறிவிட்டது.

பறைத்துடவை காணாமல் போகிறது

இனி 1860களுக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியார் நரிமணத்தில் பிறந்தவர், மாயூரத்துப் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். நம் பகுதிக்காரர்தான். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை காரைக்காலில் அச்சேறியது. பிறகு கதாகாலட்சேபமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் நடித்தார்கள். இன்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த நந்தன் பெரும்பாலும் இந்த நந்தன்தான்.

இந்த நந்தனிடம் பறைத்துடவை கிடையாது. அவர் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக விடுப்புக் கேட்டு நிற்கிறார். சேக்கிழாரிடம் இல்லாத இந்த வேதியரை பாரதியார் புதிதாகச் சேர்த்தார். அதனாலேயே இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கண்ணெதிரே இருந்த தஞ்சைப் பண்ணைகளின் நிலை அது. அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொன்னது. அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் சொன்னது. வயலில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். இந்த உண்மை கீர்த்தனைக்குள் வந்தது அதன் பலம்.

ஆனால் சிக்கல் தீரும் விதத்தைப் பாருங்கள். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். சிவனின் பூதகணங்கள் வந்து ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. விடிந்தால் கதிர் முற்றி நிற்கிறது. வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

திருப்புன்கூர்க் குளத்தில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கிறது. குளத்தைப் பூதகணம் வெட்டியது, வயலைப் பூதகணம் விளைவித்தது. டெல்டாவின் இரண்டு பெரிய உழைப்புகள் மண் வெட்டுவதும் நெல் விளைவிப்பதும். இரண்டையும் யார் செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கதையில் மட்டும் இரண்டும் இரவோடு இரவாக, கண்ணுக்குத் தெரியாத கைகளால் நடந்துவிடுகின்றன. கடைசியில் சிதம்பரத்தில் நந்தனின் உடம்பே தீயில் மறைந்துவிடுகிறது. தில்லைத் தெற்கு மதில் வாசலுக்கு வெளியே அந்தணர்கள் தீ வளர்த்தார்கள், அவர் அதில் இறங்கிப் பூணூலோடு முனிவராக எழுந்தார், பிறகு உள்ளே போய் மறைந்தார் என்று சேக்கிழார் முடிக்கிறார். ஆக, உள்ளே போனது வாரும் தோலும் சுமந்த நந்தனின் உடம்பு இல்லை. அந்தத் தெற்கு வாயில் சுவரை அகற்றச் சொல்லி நம் காலத்திலும் போராட்டம் நடந்திருக்கிறது என்றால், கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

நம் முன்னோர் நந்தனை எப்படி எடுத்தார்கள்

இந்தக் கதையை நம்மவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். நந்தன் அடிமை இல்லை, சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னன் என்று எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தன் தீயில் இறங்கிய அதே ஊரில் நந்தன் பெயரால் பள்ளிக்கூடம் எழுந்தது. 1948இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலை அண்ணல் அம்பேத்கர் மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா. ஒருவர் மன்னனாகக் கண்டார், ஒருவர் பள்ளியாக்கினார், ஒருவர் வரலாற்று ஆய்வின் முகப்பில் வைத்தார். தீயில் இறங்கிப் புனிதமான நந்தனை மூவரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

கோயில் கதவுகள் சட்டப்படி திறந்தது பிறகுதான். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதையொட்டி வந்த சட்டமும். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம். 1950இல் அரசமைப்பின் 17ஆவது பிரிவு. திருப்புன்கூர் வாசலை நந்தனின் பேரப்பிள்ளைகள் தாண்டியது சட்டத்தாலும் போராட்டத்தாலும்தான்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். திருப்புன்கூருக்குப் போனால் நந்தியைப் பார்த்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். குளக்கரைக்குப் போய் உட்காருங்கள். நீளம் அகலம் அளந்து, மேலே நான் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ஊருக்குத் திரும்பி, உங்கள் ஊர்க் குளத்தை யார் வெட்டியது என்று கேளுங்கள். ராஜா, ஜமீன், மிராசுதார், சாமி என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாமல் சேரியில் இருக்கும் வயதான அம்மாக்களிடம் கேளுங்கள். தூர் வாரியது யார், கூலி என்ன, நெல்லா காசா, அந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்க விட்டார்களா, எந்தத் துறையில், எந்த வருடத்திலிருந்து? தேதி போட்டு எழுதி வையுங்கள். நூறு நாள் வேலையில் குளம் வெட்டும் பெண்களின் பெயரையும் எழுதி வையுங்கள். வேலை நடந்த இடத்தில் வைக்கும் பலகையில் அவர்கள் பெயர் இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அவர் உள்ளே போகவில்லை, பாப்பா. விட்டிருக்க மாட்டார்கள். அவர் வெளியே நின்று ஒரு குளம் வெட்டினார். அதை அவர்தான் வெட்டினார் என்று பெரியபுராணத்திலேயே எழுதியிருக்கிறது. அடுத்த முறை யாராவது பிள்ளையார் வெட்டினார் என்று சொன்னால், நீ அதை எடுத்துக் காட்டு.